ஒரு சொட்டும் குடிக்காதவர்

பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் அவர் மூக்கைக் கழுவுவார். கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவின் கோடியில் ஒரு குழாய் இருந்தது. அங்கே குனிந்து உள்ளங்கைத் தண்ணீரை மூக்கால் உறிஞ்சிச் சீறுவார். பிறகு மறுபடி ஒரு தடவை. துண்டால் துடைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், மூச்சைக்கூட அதிகம் இழுக்காமல் உள்ளே வருவார். தக்கையைத் திருகி எடுத்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். அந்த அரை நிமிஷம் சமையலறையில் யாரும் பாத்திரத்தை நகர்த்தக்கூடாது.

"இது இன்னும் பச்சையா இருக்கு. இந்தப் பெட்டியிலே மத்த பாட்டிலைத் திறக்காதே. தீபாவளிக்கு அப்புறம் பாக்கலாம்" என்பார். அல்லது, "ம், பழுத்திருக்கு. இது போகட்டும் மேஜைக்கு."

அவர் சொன்னது தப்பாகி நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவர் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டும் குடித்ததில்லை. இறைச்சி, மீன், முட்டை எதுவும் அவர் நாக்கில் பட்டதில்லை. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே மாட்டுங்காவுக்கு வந்துவிட்ட குடும்பம். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் கொட்டைப்பாக்கு. செம்பூரில் நாங்கள் வேலை பார்த்த வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். நான் தாராவியிலிருந்து பஸ் பிடித்து வருகிற இருபது வயது டைப்பிஸ்ட் பெண். சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் அங்கே சேர்ந்தேன்.

பம்பாயில் அப்போது மதுவிலக்கு. வெள்ளைக்காரர்களுக்கும், டாக்டரிடம் சீட்டு வாங்கிய சில பெரிய மனிதர்களுக்கும்தான் பெர்மிட். பெர்மிட் பாரங்களை நிரப்பி அனுப்புவது சூப்பரின்டெண்டின் வேலை. பாரம் அவரிடம் இருந்ததால் பாட்டிலும் அவரிடம் வந்தது. கெஸ்ட் ஹவுஸ் ஒயின் அலமாரியின் சாவி ஒரு சுத்த சைவக்காரரின் பூணூலில் தொங்கியது இப்படித்தான்.

அலமாரியில் பெரும்பாலும் இருந்தது பிரான்ஸிலிருந்து கப்பலில் வரும் சிவப்பு ஒயின். காபர்னே என்ற கறுப்புத் திராட்சையில் செய்வது. அதற்கு இணையான சாப்பாடு எது என்று அவர் கண்டுபிடித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அந்த ஒயினின் குணம் துவர்ப்பு என்று யாரோ ஒரு விருந்தாளி சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. துவர்ப்பு அவருக்குத் தெரியாதா? வாயில் பாக்கைப் போட்டு மென்று, நாக்கு மரத்து இழுத்துப் பிடிக்கும் சமயத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக்கொண்டார். இழுப்பு விட்டது. ஆகவே கொழுப்புள்ள இறைச்சி சேரும். இன்னொரு நாள் பாக்கோடு மிளகாய். நாக்கு இரண்டு மடங்கு எரிந்தது. ஆகவே காரம் ஆகாது. வெல்லத்தைத் தின்றுவிட்டுப் பழரசம் குடித்தால் பழரசம் புளித்தது. ஆகவே இனிப்புக்குப் பின்னால் ஒயின் கூடாது. மொத்தப் பாடத்தையும் பூஜையறைச் சாமான்களை வைத்தே படித்து முடித்துவிட்டார்.

"புஸ்தகத்திலே அறைச் சூட்டுலே பரிமாறணும்னு போட்டிருக்கான்" என்றார் ஒரு நாள். "எவனோட அறை? அவா ஊர் அறை நம்ம மார்கழி. செம்பூர் அறையிலே வெச்சா அது ஒயின் இல்லை, ரசம்."

பாட்டிலுக்கு ஈரத் துணி சுற்றி, காற்று வரும் ஜன்னலில் முக்கால் மணி நேரம் வைப்பார். ஊற்றும்போது கையே அசையாது. கடைசி விரலளவை ஊற்றமாட்டார். "டிகாக்ஷன் அடியை யாராவது குடிப்பாளோ?"

பாக்கும் நெய்யும் சொல்லித்தராத இடத்துக்கு நான் தேவைப்பட்டேன். தினமும் பதினோரு மணிக்கு என் டைப்ரைட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவார்.

"நேத்திக்கு உங்காத்துலே என்ன?"

"ஆட்டு ஈரல் ஸார்."

"அது நாக்குலே என்ன பண்றது?"

"மாவு மாதிரி ஒட்டும். அப்புறம் கொஞ்சம் கசக்கும்."

"பாவக்காய்க் கசப்பா, வெந்தயக் கசப்பா?"

"வெந்தயம் ஸார். வறுத்த வெந்தயம்."

"விழுங்கினப்புறம் நிக்குமோ, போயிடுமோ?"

பத்து நிமிஷம் இது நடக்கும். அவர் மூக்கைச் சுளித்து நான் பார்த்ததில்லை. தின்னாத ஒன்றைத் தின்பதுபோல அவர் வாய் லேசாக அசைந்துகொண்டிருக்கும். எனக்கோ பெருமை தாங்காது. எங்கள் வீட்டு ஈரல் எந்தப் பாட்டிலைத் திறப்பது என்று தீர்மானிக்கிறதே. வீட்டில் சாப்பிடும்போதே வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன். "வாய்ல வச்சிட்டு என்ன யோசனட்டி?" என்று அக்கா கேட்பாள்.

அவருடைய மூக்கைப் பற்றியே எழுதிக்கொண்டு போனால் ஏமாற்றியதாகும். அவர் யாரையும் மன்னித்ததில்லை. அதுதான் அவர். திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், மேலே புகார் எழுதமாட்டார். அவமானத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார். அதற்கான நாள் வரும்வரை ஒயினைப்போலவே அதையும் தொடமாட்டார்.

கல்கத்தாவிலிருந்து விற்பனை அதிகாரி ஒருவர் அடிக்கடி வருவார். அவரிடமும் பெர்மிட் உண்டு. ஒருமுறை நம்மவரைப் பார்த்து, "ஏய் மதராஸி, ரசம் கொண்டா" என்று விரலைச் சொடுக்கினார். ஒயினைத்தான் அப்படிச் சொன்னார். மேஜை முழுக்கச் சிரித்தது. ஒன்பது மாதம் கழித்து அந்த ஆள் மறுபடி வந்தபோது, அறையில் அவருக்காக மாட்டுங்காக் கடைப் பாதாம் அல்வா காத்திருந்தது. ஊர் வழக்கப்படி வரவேற்பாம். மனிதர் கால் கிலோவையும் தீர்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கம்பெனி டைரக்டர், வயதான இங்கிலீஷ்காரர், பல வருஷமாகப் பத்திரப்படுத்திய பாட்டிலை அன்று திறக்கச் சொல்லியிருந்தார். கல்கத்தாக்காரர் ஒரு மடக்குக் குடித்து முகத்தைக் கோணி, "இது காடி. கெட்டுப்போய்விட்டது" என்றார். அதே ஒயினைக் கண்மூடி ரசித்துக்கொண்டிருந்த டைரக்டர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அந்த மனிதர் அப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை.

"பாவம், இனிப்புப் பிரியர்" என்றார் சூப்பரின்டெண்ட். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். மாட்டுங்காவில் அவருடைய மாடிக்காரர், இவர் பெண்ணைப் பார்க்க வந்தவர்களிடம், பெண் கறுப்பு என்று படியிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாராம். நாலு வருஷம் போயிற்று. மாடிக்காரர் பையனைப் பற்றி விசாரிக்கப் பெண் வீட்டார் வந்தார்கள். நம்மவர் அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பையனைப் புகழ்ந்தார். படிப்பு, வேலை, அடக்கம் எல்லாவற்றையும். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மட்டும் மெல்ல, "இப்போ எவ்வளவோ தேவலை. நன்னாத் தூங்கறான்" என்றார். கல்யாணம் நின்றது. மாடிக்காரருக்குக் காரணம் கடைசிவரை தெரியவில்லை.

"பொய் ஒண்ணும் சொல்லலையே நான்" என்றார் என்னிடம். "நன்னாத்தான் தூங்கினான்."

இதற்கும் சிரித்தேன். அவர் குறி வைப்பவர்கள் எல்லாரும் அதற்கு உரியவர்கள் என்று நினைத்திருந்த காலம் அது.

பிறகு நிர்வாக மேனேஜராக ஒருவர் வந்து சேர்ந்தார். நம் தமிழர்தான், முப்பது வயது, இங்கிலாந்தில் படித்தவர். முதல் வாரமே என்னிடம், "தாராவியா? அப்போ குளிச்சுட்டுதானே வரே?" என்று கேட்டவர். சூப்பரின்டெண்டைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வரும்.

ஒரு மத்தியானம் கெஸ்ட் ஹவுஸில் ஆறு பேர் விருந்து. நான் கடிதக் கட்டோடு உள்வாசலில் நின்றிருந்தேன். சூப்பரின்டெண்ட் பாட்டிலோடு மேஜையருகே நின்றார். மேனேஜர் அவரைச் சுட்டிக்காட்டி, "எங்கள் நிபுணர். கண் தெரியாதவர் ஓவியம் தேர்ந்தெடுக்கிற மாதிரி" என்று விருந்தாளிகளிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"ஸ்வாமி, எத்தனை நாள்தான் மோந்தே காலம் தள்ளுவேள்? ஒரு வாய் குடிச்சுத்தான் பாருங்களேன்."

சொல்லிக்கொண்டே எழுந்து தன் கிளாஸை அவர் உதட்டருகே கொண்டுபோனார். அவர் முகத்தைத் திருப்பினார். மேனேஜர் இன்னும் நெருங்கினார். பின்னால் சுவர். ஒயின் அவர் மோவாயில் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. உதடு மட்டும் இறுக்கி மூடியிருந்தது. விருந்தாளிகள் சிரித்தார்கள். மேனேஜர் கையை நீட்டி, "சாவியைக் குடுங்கோ. குடிக்கத் தெரிஞ்சவன் வெச்சுக்கட்டும்" என்றார்.

பூணூலிலிருந்து சாவியை அவிழ்க்க அவருக்கு நேரமாயிற்று.

அன்று அவர் சட்டை மாற்றவில்லை. ஐந்து மணிவரை அந்தக் கறையோடு சீட்டில் உட்கார்ந்திருந்தார். அதே சட்டையோடு ரயிலேறினார். மாட்டுங்காவே பார்த்திருக்கும். "வேற சட்டை இருக்கே ஸார் அலமாரியில" என்றேன்.

"இருக்கட்டும். துவைச்சா மறந்துபோயிடும்" என்றார்.

இங்கே என் அத்தானைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அக்கா புருஷன். அந்தக் கெஸ்ட் ஹவுஸின் சமையல்காரர். எனக்கு வேலை வாங்கித் தந்ததே அவர்தான். டைரக்டரிடம், "நம்ம வீட்டுப் புள்ள, இங்கிலீஷ் மீடியம் சாப்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவந்தவர். மேனேஜர் வருவதற்கு வெகு முன்னால் ஒரு நாள், விருந்து முடிந்த பிறகு சமையலறையில் நானும் அவரும் பொரித்த பாங்டா மீன் தின்றுகொண்டிருந்தோம். எங்கள் ஊரில் அயிலை என்போம். கிளாஸில் யாரோ மிச்சம் விட்ட சிவப்பு ஒயின். அத்தான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரே மடக்காக ஊற்றிக்கொண்டார். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

"ஏ புள்ள, துருப்பிடிச்ச ஆணிய நக்குனாப்ல இருக்குட்டி."

நானும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சர்ச்சில் திருவிருந்தின்போது ஒரு மடக்கு, அதைத் தவிர எனக்கும் பழக்கமில்லை. உண்மைதான். மீன் எண்ணெயும் அந்த ஒயினும் சேர்ந்ததும் வாய் முழுக்க இரும்பு. மீனே அழுகிவிட்டதுபோல ஒரு வீச்சம். தண்ணீர் குடித்துவிட்டுத் தின்றால் அதே மீன் தேவாமிர்தம்.

மறுநாள் பதினோரு மணிக்கு இதை ஒரு வேடிக்கையாக சூப்பரின்டெண்டிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"எல்லா மீனுக்குமா, எண்ணெய் மீனுக்கு மட்டுமா?"

"அயிலைக்குத்தான் ஸார் தெரியும்."

"மீன் கெட்டாப்பலேயே இருக்குமோ?"

"அப்படியேதான்."

"பாரேன்" என்றார். "பாக்கை எத்தனை மென்னாலும் இது கிடைக்காது, கேட்டியோ."

சாவி பறிபோன மூன்றாம் மாதம் லண்டன் தலைமை ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வருவதாகக் கடிதம் வந்தது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மத்தியான விருந்து நன்றாக அமைந்தால் அவருக்குப் பெரிய பதவி. பெர்மிட் பாரங்களோடு சூப்பரின்டெண்ட் அவர் அறைக்குப் போனார். நான் அங்கே டிக்டேஷன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஸ்வாமி, என்ன போடலாம் அவாளுக்கு?" என்றார் மேனேஜர், தலையை நிமிர்த்தாமல்.

"நான் குடிக்காதவன் ஸார், எனக்கென்ன தெரியும்? மட்டன் அவா தினம் சாப்பிடறதுதான். பாம்பே பாங்டா அங்கே கிடைக்குமோ? செக்கச்செவேல்னு மிளகாய் மசாலா தடவி. காபர்னேயும் சிவப்பு. மேஜைக்கே ஒரு களை வரும். ஆனா இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?"

மேனேஜரின் பென்சில் நின்றது. "அதான் நானும் யோசிச்சிண்டிருந்தேன்" என்றார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. காரம், துவர்ப்பு, எண்ணெய் மீன் மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அதைப் பார்க்க ஆசை. தாராவியில் குளிக்கிறோமா என்று கேட்ட வாயில் இரும்பு ஏறுவதைப் பார்க்கவேண்டாமா? மெனு அட்டையை நானே டைப் அடித்தேன், ஒரு பிழை இல்லாமல். மீனைச் சமைக்கப்போவது யார் என்ற நினைப்பு எனக்கு அப்போது வரவேயில்லை.

விருந்தன்று மேனேஜர் எழுந்து நின்று, இந்த இணை தன்னுடைய சொந்தத் தேர்வு என்று அறிவித்தார். டைரக்டர் புருவத்தை உயர்த்தி, தன் தட்டைத் தொடாமல் விருந்தாளிகளைப் பார்த்திருந்தார். லண்டன்காரர்கள் மீனை வாயில் வைத்தார்கள். காரம் ஏறியது. காரத்தை அணைக்க ஒயினைக் குடித்தார்கள். எரிச்சல் இரட்டித்தது, பின்னாலேயே இரும்பு வந்தது. இருவரில் மூத்தவர் மெல்லுவதை நிறுத்தி, நாப்கினை வாயில் வைத்து மீனைத் துப்பினார்.

"இந்த மீன் நல்ல மீன்தானா?" என்று கேட்டார்.

மேனேஜரின் முகம் வெளுத்தது. ஒரே நொடிதான். அடுத்த நொடி அவருக்கு வழி தெரிந்துவிட்டது. "சமையல்காரனைக் கூப்பிடு."

அத்தான் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வந்தவர் பாராட்டை எதிர்பார்த்து லேசாகச் சிரித்திருந்தார்.

"அழுகின மீனைப் போட்டிருக்கே."

"சாப், ஏக்தம் தாஜா சாப். காலைல நானே போயி எடுத்தது. செவுள் ரெத்தமா இருந்துச்சு சாப்."

"கோட்டைக் கழட்டி வெச்சுட்டு வெளியே போ. நாளைலேர்ந்து வராதே."

நான் சூப்பரின்டெண்டைத் தேடினேன். வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். அத்தான் பக்கம் அவர் திரும்பவேயில்லை. மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார், கேரம் ஆடுகிறவன் ஓட்டையின் விளிம்பில் நின்றுவிட்ட காயைப் பார்ப்பதுபோல.

அன்று மாலை எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அக்காவுக்கு எட்டாம் மாதம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளக்காரனுக்குக் கெட்ட மீனு போட்டவம்னு பேராயிட்டுல்லா. இனி எவன் நம்மள அடுப்படியில நிக்கவிடுவான்?"

"வேற வேல கெடைக்கும் அத்தான்."

"வேல கெடைக்கும் புள்ள. மூட்ட தூக்கலாம். இந்தக் கைக்குச் சமையலத் தவிர என்ன தெரியும்?"

"நீ தெனமும் அந்தப் பெரியவருட்ட பேசுவியே" என்றாள் அக்கா. "அவிய ஒரு வார்த்த சொன்னா துரை கேக்கமாட்டாவளா? போயிச் சொல்லுட்டி."

நான் அவரிடம் என்ன பேசியிருந்தேன் என்பதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் பதினோரு மணிவரை காத்திராமல் அவர் சீட்டுக்கே போனேன்.

"ஸார், அத்தான் மேல தப்பு இல்ல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"டைரக்டர்கிட்ட சொல்லுங்க ஸார்."

"என்னன்னு சொல்றது? ஒயின் சேரலைன்னா? எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பார். நான்தான் குடிக்காதவனாச்சே."

"அக்காவுக்கு எட்டாம் மாசம் ஸார்."

அவர் ஒரு பெர்மிட் பாரத்தை எடுத்து நான்கு மூலையும் சரியாக வரும்படி மடித்தார்.

"உங்க அத்தானுக்குப் பெர்மிட் உண்டோ?"

எனக்கு விளங்கவில்லை.

"இல்லே, ஆணியை நக்கினாப்பலே இருந்துதுன்னானே, அதான் கேட்டேன். நீயும் விரலைத் தொட்டேன்னு சொன்னதா ஞாபகம். போலீஸ்காராளுக்கு விரல் போறும்." குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது. "என் பேர் எங்கேயும் வரப்படாது, கேட்டியோ. மத்தபடி நீ கெட்டிக்காரி."

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வாய் அசைந்த ஒவ்வொரு பதினோரு மணியும் நினைவுக்கு வந்து, உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. இந்த மனிதருக்கு நான் என் வீட்டு அடுப்படியையே தூக்கிக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு டிபன் கேரியரோடு டைரக்டரின் பங்களாவுக்குப் போனேன். அத்தான் அன்று காலை எடுத்த பாங்டா, அதே மசாலா. வாட்ச்மேன் விடவில்லை. அவரோடு ஹிந்தியில் நான் போட்ட சண்டை கேட்டு டைரக்டரே வெளியே வந்தார். பத்து நிமிஷம் போதும் என்றேன். முதலில் எலுமிச்சைத் தண்ணீரோடு மீனைச் சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டார். கேட்காமலே இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

"இப்போது அந்தச் சிவப்பு ஒயினோடு சாப்பிடுங்கள்."

அவரிடம் பெர்மிட் இருந்தது, பாட்டிலும் இருந்தது. ஒரு வாய் மீன், ஒரு மடக்கு ஒயின். கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

"அந்த இணை தன்னுடைய தேர்வு என்று அவர் சொன்னாரல்லவா?"

"ஆமாம் ஸார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார்."

"உன் அத்தானைத் திங்கட்கிழமை வரச்சொல்."

காரியம் முடிந்தது. எழுந்திருக்கலாம். ஆனால் டைரக்டர் தானாகவே அடுத்ததைக் கேட்டார். அலமாரிச் சாவியைப் பழையபடி சூப்பரின்டெண்டிடமே கொடுத்துவிடலாமா, பாவம் அந்தப் பெரியவருக்கும் அநியாயம் நடந்திருக்கிறதே என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தானுக்குப் போலீஸ். அதைவிட, உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு தடவைதான் வலிக்கும். எனக்கு அது போதவில்லை. முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டு சொன்னேன்:

"அவர் நல்லவர் ஸார். ஆனால் அவருக்கு மீனும் தெரியாது, இறைச்சியும் தெரியாது. இந்த வயதில் அவருக்கு ஏன் இந்தப் பாரம்? சமைக்கிறவர் கையிலேயே சாவி இருந்தால் இப்படித் தவறு வராது."

டைரக்டர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. யாருக்கும் அப்படித்தான் படும்.

திங்கட்கிழமை காலை மேனேஜரை எங்கோ ஒரு கிடங்குக்கு மாற்றிய செய்தி பரவியது. சூப்பரின்டெண்ட் என் மேஜைக்கு வந்தார். அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நீ போவேன்னு தெரியும். கை காலை வெச்சிண்டு சும்மா இருக்கிற பொண்ணா நீ? ரெண்டு நாளாகும்னு நெனச்சேன், மூணு நாளாயிடுத்து. உங்க அத்தானும் வந்துட்டான். யாருக்கு என்ன நஷ்டம்?"

அப்படியானால் அத்தான் வெளியே போவார் என்பதும், நான் டைரக்டரிடம் ஓடுவேன் என்பதும் அவர் போட்ட திட்டத்தில் சேர்ந்ததுதான். காய் விளிம்பில் நிற்கும், நான் வந்து சுண்டுவேன் என்று காத்திருந்திருக்கிறார். டைப்ரைட்டரில் இருந்த தாளை உருவி அவர் கையில் கொடுத்தேன். ஒயின் அலமாரி இனி சமையல்காரர் பொறுப்பு என்ற ஆபீஸ் உத்தரவு. சூப்பரின்டெண்ட் பார்த்ததாகக் கையெழுத்துப் போடவேண்டும்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். வலது கை தன்னையறியாமல் மார்புப் பக்கம் போய், பூணூலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"இதை யார் சொன்னா?"

"டைரக்டர் உத்தரவு ஸார்."

"அவருக்கு இதெல்லாம் தோணாது."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்தார். புரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி, எழுந்து போனார்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். அவர் எனக்கு ஏதாவது செய்வார் என்று தினமும் எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஒரு மாதம் போனதும், பதினோரு மணிக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டைப் பையில் பாக்கு இல்லை.

"நேத்திக்கு டைரக்டருக்கு ஆட்டுத் தொடையாமே. பழைய பாட்டில்லே ஒண்ணைத் திறந்தானாம் உங்க அத்தான்."

"ஆமா ஸார்."

"எப்படி இருந்துதாம்?"

அந்தத் தொடையில் ஒரு துண்டு எனக்கும் கிடைத்திருந்தது. பாட்டிலின் கடைசி விரலளவும் கிடைத்தது. கொழுப்பு மேலண்ணத்தில் உருகி ஒட்டியபோது, அந்தத் துவர்ப்பு வந்து ஓரம் ஓரமாக அதைத் துடைத்தது. துடைத்த இடத்தில் நாக்கு பச்சைப்பிள்ளை நாக்குபோலப் புதிதாக இருந்தது. விழுங்கிய பிறகு வெகு தூரத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. மழை விழுந்த கரியடுப்பு மாதிரி, நாவல்பழக் கொட்டை மாதிரி, இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று மாதிரி. அதற்குச் சரியான வார்த்தை படுக்கும்வரை கிடைக்காமல், காலையில் பஸ்ஸில் வரும்போது கிடைத்திருந்தது. அவர் வாய் லேசாக அசைய ஆரம்பித்துவிட்டது.

"தெரியாது ஸார். நான் சாப்பிடல" என்றேன்.

மறுநாளும் வந்து கேட்டார்.